ஆடி முடித்தவர்கள் கேட்கிறார்கள்

அண்மையில் ஆடி முடித்த வீடியோ கேம் எது, அதில் மனதில் நின்றது எது, புரியாமல் போனது எது என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சில இங்கே. சில பதில்களில் கதையின் முடிவு உடைபடும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் அந்த கேமின் பெயரைப் பார்த்ததும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

‘ஹாலோ நைட்’ முடித்தேன். கையால் வரைந்த அந்தப் பூச்சி உலகமும் மழை பெய்யும் நகரத்தின் இசையும் இன்னும் விடவில்லை. ஆனால் கடைசி பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்தியதும் நம் ஆளே சங்கிலியில் மாட்டி அடைபடுகிறான், கிரெடிட்ஸ் ஓடுகிறது. இவ்வளவு உழைத்ததற்கு இதுதானா முடிவு?
– கோவை வாசகி

நீங்கள் பார்த்தது முதல் எண்டிங் மட்டும்தான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழு 2017-இல் வெளியிட்ட கேம் இது. உண்மையான பாஸையே ஒரு பூட்டுக்குள் வைத்துவிட்டு, அது இருப்பதைக் கூடச் சொல்லாமல் கிரெடிட்ஸ் ஓட்டும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. சேவ் ஃபைலை மறுபடி திறங்கள். பாஸுக்கு முன்னால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான் இருப்பீர்கள், எதுவும் போகவில்லை.

முதல் வேலை, கனவுகளுக்குள் நுழைய உதவும் ட்ரீம் நெயில் என்ற ஆயுதத்தை முழு பலத்துக்கு விழிக்க வைப்பது. அதற்குக் கனவுகளிலிருந்து சேரும் எசன்ஸ் 1800 வேண்டும். வேர்களைத் தட்டி உருண்டைகளைப் பொறுக்கியே அவ்வளவையும் சேர்க்க நினைத்தால் சலித்துவிடும். ஏற்கெனவே வீழ்த்திய மூன்று பாஸ்களின் கனவு வடிவங்களைத் தேடிப் போங்கள். ஃபெயில்ட் சாம்பியன் 300, சோல் டைரன்ட் 300, லாஸ்ட் கின் 400 தரும். ஆயிரம் அங்கேயே தேறிவிடும். எண்ணிக்கை நிரம்பியதும் ரெஸ்டிங் கிரவுண்ட்ஸில் இருக்கும் சீயரிடம் பேச மறக்காதீர்கள். பலர் 1800 தாண்டிய பிறகும் அவளைப் பார்க்காமலே அலைகிறார்கள்.

அடுத்து ஏன்ஷியன்ட் பேசின் என்ற பகுதி. அரண்மனை இருந்த வெற்றிடத்தில் ஒரு காவலாளி செத்துக் கிடப்பான். விழித்த ட்ரீம் நெயிலால் அவனைத் தொட்டால் ஒயிட் பேலஸ். கேமிலேயே கடினமான இடம் இதுதான். எதிரிகளைவிட ரம்பமும் முள்ளும்தான் பாடாய்ப் படுத்தும். ஹைவ்பிளட் என்ற சார்மை (அணியும் தாயத்து) போட்டுக்கொண்டு போங்கள். சார்ம் மாட்டும் இடங்களில் 4 நாட்ச் எடுத்தாலும், கடைசியாக இழந்த ஒரு உயிர் சற்று நேரம் அடி வாங்காமல் இருந்தால் தானாகத் திரும்பிவிடும். உயிரை நிரப்பிக்கொள்ள உதவும் சோல் தரும் கம்பங்களும் அங்கே வற்றாதவை, எவ்வளவு அடித்தாலும் சோல் வந்துகொண்டே இருக்கும். அவசரப்படாமல் இருந்தால் சாகாமலே கடக்கலாம்.

அரசன் உடலிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு, குவீன்ஸ் கார்டன்ஸில் ட்ரெய்ட்டர் லார்டு என்ற பாஸுக்கு அப்பால் இருக்கும் ஒயிட் லேடியிடம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் கிங்சோல். 5 நாட்ச் தின்னும் அந்தச் சார்மை அணிந்தபடியே அபிஸின் அடிமட்டம் வரை இறங்க வேண்டும். அணியாமல் பையில் வைத்துக்கொண்டு இறங்கினால் வழி திறக்காது. இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அங்கே அது வாய்ட் ஹார்ட்டாக மாறும். அதற்கு நாட்ச் செலவு பூஜ்யம், கழற்றவும் முடியாது.

இப்போது பழைய பாஸிடம் திரும்புங்கள். சண்டை முற்றும்போது, முன்பு உங்களோடு மோதிய ஹார்னெட் பாய்ந்து வந்து அவனைப் பிடித்து அழுத்துவாள். அந்தச் சில நொடிகளுக்குள் ட்ரீம் நெயிலால் அவனைத் தொட வேண்டும். விட்டுவிட்டு அவனை அடித்தே கொன்றால் கிடைப்பது இரண்டாம் எண்டிங். தொட்டால் உண்மையான பாஸான ரேடியன்ஸ் வருவாள். அவளிடம் தோற்றால் பழைய பாஸிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும், அதுதான் கடுப்பு. அவள் பெரும்பாலும் தலைக்கு மேலேயே மிதப்பாள். ஆகையால் வாளை நம்பி எகிறிக் குதிப்பதைவிட மந்திரத்தின் பலம் கூட்டும் ஷாமன் ஸ்டோன் சார்மைப் போட்டுக்கொண்டு, மேல்நோக்கிப் பாயும் அபிஸ் ஷ்ரீக் மந்திரத்தை அவளுக்கு நேர் கீழே நின்று விடுவது நல்ல பலன் தரும்.

‘எல்டன் ரிங்’ முடித்துவிட்டு 150-ஆவது லெவலில் ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ டிஎல்சிக்குள் (பின்னர் வந்த கூடுதல் பகுதி) போனேன். சாதாரண எதிரிகளே இரண்டு அடியில் சாய்த்துவிடுகிறார்கள். இனியும் லெவல் ஏற்ற வேண்டுமா?
– திருச்சி வாசகர்

வேண்டாம். அந்தப் பகுதியில் ரூன் லெவல் செய்யும் உதவி கொஞ்சம்தான். 2024 ஜூனில் வந்த இந்த டிஎல்சிக்கு ஸ்காடுட்ரீ பிளெஸ்ஸிங் என்று தனிக் கணக்கு உண்டு. நீங்கள் தரும் அடியும் வாங்கும் அடியும் அதைப் பொறுத்தவை, அதுவும் டிஎல்சியின் நிழல் நிலத்துக்குள் மட்டும். அதை ஏற்றும் ஸ்காடுட்ரீ துண்டுகள் மொத்தம் 50, ஏறும் படிகள் 20. மேலே போகப் போக ஒரு படிக்குக் கேட்கும் துண்டுகளும் கூடும். மிக்கெல்லாவின் சிலுவைகள் நிற்கும் இடங்களை முதலில் மேப்பில் குறித்துக்கொண்டு குதிரையில் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். தலையில் பானை சுமந்து நிற்கும் நிழலுருவங்களையும் விடாதீர்கள், அவற்றிடமும் துண்டு கிடைக்கும். எடுத்தால் மட்டும் போதாது, கிரேஸ் என்ற ஓய்விடத்தில் உட்கார்ந்து அந்த மெனுவில் செலவிட வேண்டும்.

அடுத்து உங்கள் டாலிஸ்மன்களை (அணியும் தாயத்துகளை) பாருங்கள். ராடகன்ஸ் சோர்சீல் இன்னும் மாட்டியிருக்கிறதா? தொடக்கத்தில் அது வரம். உயிரளவைக் கூட்டும் விகர் உட்பட நான்கு திறன்களை 5, 5 ஏற்றும். ஆனால் வாங்கும் அடியையும் 15 சதவீதம் கூட்டும். 150-ஆவது லெவலில் அந்த 5 புள்ளிகளுக்கு மதிப்பில்லை, 15 சதவீதத்துக்கு உண்டு. கழற்றிவிட்டு டிராகன்கிரெஸ்ட் வரிசையில் ஒன்றைப் போடுங்கள். விகர் 60-ஐத் தொடவில்லை என்றால் அதைத் தொடும் வரை வேறெதிலும் புள்ளி போடாதீர்கள்.

இதே டிஎல்சிக்குள் இனிமேல் போகப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி பாஸ் முடிந்ததும் அடுத்த பயணத்தைத் தொடங்கவா என்று கேம் கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் உலகமே முதலிலிருந்து தொடங்கும். டிஎல்சியின் வாசலுக்கு ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் மறுபடி வீழ்த்தியாக வேண்டும், அதுவும் கூடுதல் பலத்தோடு இருப்பவர்களை. இல்லை என்று சொல்லிவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை, பிறகு ரவுண்ட்டேபிள் ஹோல்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கிக்கொள்ளலாம்.

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ – கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன கப்பல், 60 பேரின் கதி. 40-க்கு மேல் உறுதியாகிவிட்டது. மீதி எல்லாம் பெயரே உச்சரிக்கப்படாத மாலுமிகள். யூகித்துப் போட்டு முடித்தால் தவறா?
– யாழ்ப்பாண வாசகர்

தவறில்லை, ஆனால் நஷ்டம். 2018-இல் வந்த லூகாஸ் போப்பின் இந்த கேமில் பெயர் சொல்லப்படாதவர்களுக்கும் தடயம் வைக்கப்பட்டிருக்கிறது. விசாரணைப் புத்தகத்தில் ஒவ்வொருவர் படத்தின் ஓரத்திலும் இருக்கும் முக்கோணங்கள் எத்தனை என்று பாருங்கள். ஒன்று என்றால் எளிது, மூன்று என்றால் கடினம். முகம் மங்கலாக இருந்தால் அவரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இன்னும் நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். தெளிந்துவிட்டால் விடை உங்கள் கையில்தான் இருக்கிறது, வேறெங்கும் போக வேண்டாம்.

மாலுமிகளுக்குப் பெரிய திறவுகோல் தூளிப் படுக்கை. ஒவ்வொரு தூளியிலும் ஓர் எண் தொங்கும், அது பெயர்ப் பட்டியலின் எண்ணோடு பொருந்தும். தூங்குபவரின் முகம் தெரியாது. தூளிக்கு வெளியே நீட்டியிருக்கும் காலையும் அதில் மாட்டியிருக்கும் காலணியையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதே காலணி வேறு எந்தக் காட்சியில், யார் காலில் வருகிறது என்று தேடுங்கள். சீன மாலுமிகளைப் பிரிக்க இதுதான் வழி. பட்டியலில் நாடும் போட்டிருப்பதால், கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தக் கப்பலில் இருந்த இந்தியர் யார் யார் என்பதையும் உடை, பேச்சு, கூட நிற்பவர்கள் ஆகியவற்றை வைத்துச் சுருக்கலாம். ஓவியங்களில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சும்மா வரையப்பட்டதல்ல. அதிகாரிக்குப் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப நிற்பவர் அவருடைய பணியாளராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியும் முட்டினால், கேம் மூன்று மூன்று பேராகத்தான் உறுதி செய்யும் என்பதைப் பயன்படுத்துங்கள். ஐயமில்லாத இரண்டு பேரை நிரப்பிவிட்டு மூன்றாவதற்கு மட்டும் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சாவின் காரணத்தில் கொஞ்சம் தாராளமாகவே இருப்பார்கள், சில மரணங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை செல்லும். ஒன்று மட்டும்: 58 பேர் உறுதியாவதற்கு முன் படகில் ஏறிக் கிளம்பிவிட்டால், புத்தகத்தில் காலியாக இருக்கும் அந்த ஒரு அத்தியாயம் காலியாகவே இருந்துவிடும்.

‘ஸ்டார்டியூ வேலி’யில் மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் தாத்தா ஆவி வந்து 3 மெழுகுவத்தி மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விட்டது. பண்ணையை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– மதுரை வாசகி

வேண்டாம். தாத்தாவின் மெழுகுவத்திகள் இருக்கும் பலிபீடத்தில் ஒரு வைரத்தை வையுங்கள், மறுநாள் மறுமதிப்பீடு நடக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். மொத்தம் 21 புள்ளிகள். 12 எடுத்தால் 4 மெழுகுவத்தியும் எரியும். நீங்கள் 8-க்கும் 11-க்கும் நடுவில் இருக்கிறீர்கள். எளிதில் கிடைப்பவை: வீட்டை இரண்டு முறை பெரிதாக்கித் திருமணம் செய்வது, செல்லப்பிராணியைத் தவறாமல் தடவிக்கொடுப்பது, மியூசியத்துக்கு 60 பொருள் கொடுத்துத் துருப்பிடித்த சாவி பெறுவது, சுரங்கத்தின் 120-ஆம் தளத்தைத் தொடுவது. பணப் புள்ளிக்கு இதுவரை சம்பாதித்த மொத்தம்தான் கணக்கு, கையிருப்பு அல்ல. செலவழிக்கப் பயப்பட வேண்டாம்.

முதல் ஆண்டிலேயே கம்யூனிட்டி சென்டரை முடிக்க ஆசைப்படும் புதியவர்கள் அங்கே கேட்கும் சிவப்பு முட்டைக்கோசில் சிக்குவார்கள். ஊர்க் கடைக்காரர் பியரிடம் அதன் விதை இரண்டாம் ஆண்டிலிருந்துதான். வெள்ளி, ஞாயிறுகளில் வரும் வண்டிக்காரியிடம் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். புதுப் பண்ணை தொடங்கும் முன் கூடுதல் அமைப்புகளில் முதல் ஆண்டு உத்தரவாதத்தை டிக் செய்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

‘வெண்பா’ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காசுக்குத் தகுமா?
– சென்னை வாசகர்

நேரத்தை வைத்து விலை பார்ப்பவருக்குத் தகாது. டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன ஒரு சமையல் குறிப்பேடு, அவ்வளவுதான். 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. வெளிநாட்டு ஆட்டக்காரருக்குப் புதிராக இருப்பது நம் வீட்டுச் சமையலறை தெரிந்தவருக்குப் புதிரே இல்லை என்பதுதான் சிக்கல். இட்லித் தட்டுகளைக் குழிக்கு நேர் குழி வராமல் மாற்றி அடுக்கினால்தான் மேல் தட்டு கீழ் இட்லியை அமுக்காது என்பதை எந்த அம்மாவிடமும் கேட்க வேண்டியதில்லை. புட்டுக் குழாயிலும் அப்படியே. ஆகவே புதிருக்காக வாங்காதீர்கள். அம்மா தமிழில் பேச, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் காட்சிகளுக்காகவும், அந்தந்தக் காலத்துத் திரையிசைச் சாயலில் புதிதாகப் போட்ட பாட்டுகளுக்காகவும் வாங்கலாம். பெற்றோரோடு உட்கார்ந்து ஆட ஏற்றது. தப்பாகச் சமைத்தாலும் தண்டனை கிடையாது.

‘ஹேடீஸ்’: அப்பாவையே வீழ்த்தி வெளியே வந்தேன். மறுபடி அதே ரத்தக் குளத்தில் எழுப்பிவிட்டார்கள். கேம் எப்போதுதான் முடியும்?
– சேலம் வாசகர்

பத்து முறை தப்பித்தால் கிரெடிட்ஸ். அதற்குப் பிறகும் ஒலிம்பஸ் தெய்வங்களோடு உறவு வளர்த்தால் எபிலாக் (பின்கதை) ஒன்று உண்டு. ஆகவே பரிசாகத் தரும் நெக்டரை ஒருவருக்கே கொட்டாமல் எல்லாருக்கும் கொடுத்து வையுங்கள். கை வலித்தால் வாங்கும் அடியைக் குறைக்கும் காட் மோடைப் போடுங்கள், வெட்கமே வேண்டாம். 20 சதவீதப் பாதுகாப்பில் தொடங்கி ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடும், 80-இல் நிற்கும். கதையில் ஒரு வரிகூடக் குறையாது.

‘அவுட்டர் வைல்ட்ஸ்’ போல ஒன்றை ஆடியதே இல்லை. நண்பனை ஆட வைக்க என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் கதை உடைந்துவிடுகிறதே?
– சிங்கப்பூர் வாசகர்

கதையைத் தொடாதீர்கள், விண்கப்பலை ஓட்ட மட்டும் சொல்லிக்கொடுங்கள். புதியவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் கைவிடுவது கப்பல் ஓட்டத் தெரியாததால்தான். வேகம் கூட்டிய அளவுக்குக் குறைக்கவும் நேரம் வேண்டும். பாதித் தூரத்திலேயே எதிர்த்திசையில் தள்ளத் தொடங்கச் சொல்லுங்கள். இறங்கும் கிரகத்தைக் குறிவைத்து, வேகத்தைச் சமமாக்கும் பட்டனை அழுத்திக்கொண்டால் மோதல் பாதி குறையும். எங்கே போவது என்று தெரியாதபோது கப்பலுக்குள் இருக்கும் பதிவேட்டைத் திறக்கட்டும். இன்னும் பார்க்க மிச்சம் இருக்கும் இடங்களை அதுவே குறித்துக் காட்டும். அப்புறம் ஆட்டோபைலட். அது நேர்கோட்டில்தான் போகும், நடுவில் சூரியன் இருந்தால் அதற்குள்ளும்.