நோயை அறிந்துகொண்டேதான் ஃப்ரெட்டி மெர்குரி 1986இல் ஐரோப்பா முழுவதும் பாடினாரா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. தனக்கு எய்ட்ஸ் இருப்பது தெரிந்தும் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1986 ஐரோப்பியப் பயணத்தில் அதன் பாடகர் ஃப்ரெட்டி மெர்குரி பாடினாரா என்பது ஒன்று; அந்தப் பயணத்தின் கச்சேரிகளில் எதைப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் விடை ‘இல்லை’ என்பது, இரண்டாவதற்கு ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நடந்தது. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் முதல் கேள்வி நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்று என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் 2018இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ திரைப்படத்தைப் பார்த்துவிட்டுக் குயின் குழுவிடம் வந்து சேர்ந்தவராக இருக்க வேண்டும். அதில் தவறொன்றும் இல்லை. அந்தப் படத்தில், 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிக்கு முன்பே ஃப்ரெட்டி தன் நோயைக் குழுவினரிடம் சொல்லிவிடுகிறார். உண்மையில் அந்த நோய் உறுதிசெய்யப்பட்டது 1987இல் என்பதே அவருக்கு நெருக்கமானவர்களின் கூற்று. குழுவினருக்கு அவர் சொன்னது அதற்கும் பின்னர். 1991 நவம்பர் 23 அன்று உலகுக்கு அறிவித்தார், மறுநாள் மறைந்தார். 1986 ஜூன் 7 அன்று ஸ்டாக்ஹோமில் தொடங்கி ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வர்த்தில் முடிந்த அந்த 26 கச்சேரிகள்தான் குயினுடன் ஃப்ரெட்டியின் கடைசிப் பயணமாக அமைந்தன, ஆனால் மேடையில் நின்ற எவருக்கும் அந்த நோய் அப்போது உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

உடல்நலக் குறைவின் அறிகுறிகள் அதற்கு முன்பே இருந்தன என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் இங்கே வந்து என்னைத் திருத்தக்கூடும். நான் மருத்துவன் அல்லன், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவனும் அல்லன். மனத்துக்குள் எழும் சந்தேகத்தை எவரும் முற்றாக மறுத்துவிட முடியாது. ஆனால் ‘தெரிந்துகொண்டே பாடினார்’ என்று உறுதியாகச் சொல்வதற்குச் சான்று வேண்டும். அதைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டைத்தான் நீட்டுகிறார்கள். ‘ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்’ என்ற பாடலை அந்தப் பயணம் முழுவதும் அவர் பாடினார் என்பது ஒன்று. அந்தப் பாடலை எழுதியவர் கிட்டார் கலைஞர் ப்ரையன் மே. சாவே இல்லாத ஒருவன் தன் மனைவி மூப்படைவதைப் பார்த்திருக்க நேர்வதைப் பற்றி, ‘ஹைலாண்டர்’ படத்துக்காக எழுதினார். மற்றொன்று, குழு பிரியப்போவதாக வந்த வதந்திகளை மறுத்து, சாகும்வரை சேர்ந்தே இருப்போம் என்ற பொருளில் அந்தப் பயணத்தின்போது லண்டனின் வெம்ப்ளி அரங்க மேடையில் ஃப்ரெட்டி பேசியது. அதே மூச்சில் அவர், தான் விலக விரும்பினாலும் இவர்கள் விடுவதில்லை என்று விளையாட்டாகச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்ததை மட்டும் இவர்கள் வெட்டிவிடுகிறார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், ஒரு தமிழ் யூடியூப் சேனல் புடாபெஸ்ட் கச்சேரியின் துண்டுகளை எடுத்து, அசல் ஒலியை நீக்கிவிட்டு, சோகமான வயலினைப் பின்னணியில் ஓடவிட்டு, சாவு தெரிந்தும் சிரித்த கலைஞன் என்பதுபோல் தலைப்பிட்டு வெளியிட்டது. அந்த மனிதர் பாடுகிறார், அவருடைய குரலே கேட்கவில்லை! ஆண்டுகளைக் குறிப்பிட்டுப் பணிவாகத்தான் பின்னூட்டம் எழுதினேன். இறந்தவரை அவமதிக்கிறேன் என்று பதில் வந்தது. உண்மையில் அவமதிப்பது எது என்று நீங்களே சொல்லுங்கள். மேடைக்கலையின் உச்சத்தில் இருந்த ஒருவருடைய உழைப்பை, இரங்கலுக்குரிய காட்சியாகச் சுருக்கிவிட்டார்கள்.

அந்த உழைப்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். 1986 ஜூலை 30 அன்று பிரான்ஸின் ஃப்ரேஷுஸ், ஆகஸ்ட் 1 பார்சிலோனா, 3 மாட்ரிட், 5 மார்பெயா என்று ஒருநாள் விட்டு ஒருநாள், கோடை வெயிலில், ஏறத்தாழ இரண்டு மணிநேரக் கச்சேரி. நாற்பதாவது பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பாடகர், குரல்நாணில் பல ஆண்டுகளாக இருந்த முடிச்சுகளுடன், அத்தனை பெரிய மேடையின் இரு முனைகளுக்கும் ஓடியபடி பாடினார். ஸ்டூடியோவில் எட்டிய உச்சங்கள் சிலவற்றை மேடையில் அவர் கீழே இறக்கிப் பாடுவதை நீங்கள் கவனிக்கலாம். அதை நோய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 1970களிலிருந்தே அவர் அப்படித்தான் குரலைக் காத்துக்கொண்டார். அந்த இடங்களில் ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து மேல்ஸ்தாயியைப் பிடிப்பது ரோஜர் டெய்லர். பலருடைய கண்ணில் படாத கீபோர்டுக் கலைஞர் ஸ்பைக் எட்னியும் ஒத்துப்பாடி இடைவெளிகளை நிரப்புவார். மிச்சப்படுத்திய குரலை எங்கே செலவிடுவது என்பதை ஃப்ரெட்டி அறிந்திருந்தார். ஒரு சிறு ஸ்வரக்கோவையைப் பாடிவிட்டு அரைத் தண்டு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவார். அத்தனை ஆயிரம் பேரும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அடுத்ததைச் சற்றே கடினமாக்குவார். அவர்களால் முடியாத ஒன்றைப் பாடிவிட்டு நகர்ந்துவிடுவார். நம் சபாக்களில் தனியாவர்த்தனம் நடக்கும்போது இரண்டு வித்வான்கள் மாறிமாறி வாசித்துக்கொள்வார்களே, அதை ஒரு பாடகரும் ஒரு விளையாட்டரங்கும் செய்வதுபோல இருக்கும்.

இனிப் புடாபெஸ்ட். வேலை நிமித்தமாக அந்நகரத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். நான் குடியிருந்த சுக்லோ பகுதியில்தான் அந்தக் கச்சேரி நடந்த நேப்ஷ்டாடியோன் அரங்கம் இருந்தது, 1953இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஹங்கேரி இங்கிலாந்தைக் கால்பந்தில் 7-1 என்று வீழ்த்தியதும் அங்கேதான். பிற்காலத்தில் ஹங்கேரியக் கால்பந்து வீரர் புஷ்காஷின் பெயரைத் தாங்கிய அந்த அரங்கத்தை இடித்துவிட்டு, 2019இல் அதே இடத்தில் புதியதைத் திறந்தார்கள். என் வீட்டு உரிமையாளர் ட்ராம் பணிமனையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நான் இந்தியன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஃப்ரெட்டி படித்த பள்ளிக்கூடம் எங்கள் ஊருக்குப் பக்கமா என்பதுதான். சான்சிபாரில் பார்சி குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் ஃப்ரெட்டி. அந்த ஊர் சென்னையிலிருந்து வெகுதூரம் என்று நான் விளக்கியும், பெரியவர் என்னை அவருடைய உறவினனைப்போலவே நடத்தினார்.

பெரியவர் 1986 ஜூலை 27 அன்று அந்தப் புல்வெளியில் நின்றவர். இரும்புத்திரைக்கு அந்தப்பக்கம், அதாவது கிழக்கு ஐரோப்பியக் கம்யூனிச நாடுகளில், நடந்த முதல் மேற்கத்திய ராக் கச்சேரி அது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. ரோலிங் ஸ்டோன்ஸ் 1967இலேயே வார்சாவில் வாசித்தார்கள். அயர்ன் மெய்டன் 1984இல் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் போனார்கள். ஆனால் ஒரு முழு விளையாட்டரங்கை நிரப்பி, ஏறத்தாழ 80,000 பேர் முன்னிலையில், மேற்கு ஐரோப்பாவில் போட்ட அதே அளவு மேடையுடன் நடந்ததால்தான் அது அந்தப் பகுதி மக்களின் நினைவில் அப்படிப் பதிந்திருக்கிறது. வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்து பதிந்து தேய்ந்த பாடல்களை, உரியவர்கள் எதிரே நின்று பாடியபோது, அவை கேசட்டில் இருந்ததைவிட வேகமாக இருந்தன என்று பெரியவர் சொன்னார். முதல் சில பாடல்களுக்கு அதுவே அவருக்குப் பெரும் வியப்பாக இருந்ததாம்.

கச்சேரியின் நடுவில் ப்ரையன் மே அக்குஸ்டிக் கிட்டாருடன் முன்னே வரும் பகுதியில் ஃப்ரெட்டி ஒரு ஹங்கேரிய நாட்டுப்பாடலைப் பாடுகிறார். ‘தவசி செல்’ என்று தொடங்கும் அந்தப் பாடல் அங்கே பள்ளிக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. வசந்தக் காற்று நீரைப் பெருக்குகிறது, ஒவ்வொரு பறவையும் தன் துணையைத் தேடிக்கொள்கிறது என்று போகும். மொழி தெரியாததால் வரிகளை உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தார். பெரியவர் தம் சமையலறை மேசையில் அந்தப் பதிவை ஓடவிட்டு, ஃப்ரெட்டியின் கண் கைக்குத் தாழும் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் காட்டினார். “இதோ, இந்தச் சொல்லை விழுங்கிவிட்டான். பார், இங்கே சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே மகிழ்ச்சி” என்று ஓர் ஆசிரியரைப்போல விளக்கிக்கொண்டே வந்தார். முதல் வரி கேட்டதும் தாங்கள் யாரும் பாடவில்லை, கத்தினோம் என்றார். பக்கத்தில் நின்ற அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்த பிடியில் மறுநாள்வரை தழும்பு இருந்ததாம். அடுத்த வரியில்தான் பாட்டு என்ற நினைவு வந்து எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை நான் பெரியவரிடம் கேட்டேன். அன்று அவரைப் பார்க்கையில் நோயாளிபோலத் தெரிந்தாரா என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “அவன் ஓடினான். இடப்பக்கம் இருக்கிறான் என்று எட்டிப் பார்த்தால் வலப்பக்கம் நிற்பான். நான் நின்ற இடத்திலிருந்தே களைத்துப்போனேன். நோயாளி என்று யார் சொன்னது?” என்றார். ஒருவருடைய நினைவை மருத்துவச் சான்றாகக் காட்ட முடியாது என்பதை அறிவேன். ஆனால் நேரில் நின்றவரின் சொல்லுக்கு, வயலின் ஒட்டப்பட்ட காணொளியைவிட மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தப் பயணத்தில் சாவே நிகழவில்லையா என்றால், நிகழ்ந்தது. 1,20,000 பேருக்குமேல் திரண்டதாகச் சொல்லப்படும் நெப்வர்த் கூட்டத்தில் ஓர் இளைஞர் கத்திக்குத்துப்பட்டார். உரிய நேரத்தில் உதவி கிடைக்காமல் இறந்துபோனார். குயின் பாட்டைக் கேட்க வந்தவர் அவர். கடைசி இரவு, கடைசி இரவு என்று உருகி எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்த இளைஞரை ஒரு வரியிலேனும் குறிப்பிடுகிறார்கள்?

பார்ப்பதற்குப் புடாபெஸ்டிலிருந்தே தொடங்குங்கள். ஹங்கேரியப் படக்குழுவினர் 35 மி.மீ. திரைப்படச் சுருளில் எடுத்தது. 2012இல் சீரமைத்து வெளியிட்ட பதிப்பையே தேடுங்கள். இறுதிப் பாடல்களின்போது தோளில் பிரிட்டிஷ் கொடியுடன் வந்து, திருப்பி மறுபுறம் ஹங்கேரியின் கொடியைக் காட்டும் இடத்தில் கூட்டத்தின் ஒலியைக் கேளுங்கள். அடுத்து வெம்ப்ளியின் ஜூலை 12, சனிக்கிழமை இரவு. குரல் சற்றுக் கரகரத்திருக்கும், ஆனால் மேடையை ஆளும் விதத்தை அங்கேதான் முழுமையாகப் பார்க்கலாம். 1986 டிசம்பரில் அவசரமாக வெளியிட்ட ‘லைவ் மேஜிக்’ இசைத்தட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் அடக்குவதற்காகப் பாடல்களை வெட்டியிருக்கிறார்கள், ‘பொஹீமியன் ராப்சடி’ பாடலின் ஆபெரா பகுதியே அதில் இல்லை. நெப்வர்த் இரவு இன்றுவரை முழுப் படமாக வெளிவரவில்லை. அந்தப் பெயரில் முழுக் கச்சேரி என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.