ஓடியவனும் கந்தல்காரனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒரு உரையில் சொன்னதை வைத்து அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனின் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ என்ற அமெரிக்க உள்நாட்டுப் போர் நாவலை வாங்கிப் படித்தேன். முதல் பாதி இழுத்துக்கொண்டு போனது. முடித்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. ஹென்றி ஃப்ளெமிங் போர்க்களத்திலிருந்து ஓடுகிறான். அவனைப்போலவே ஓடிவந்த ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்துவிடுகிறான். அதைக் குண்டடிபட்ட காயம் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு, மறுநாள் கொடி பிடித்து வீரனாகிவிடுகிறான். கடைசிவரை யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு பொய்யன் தப்பித்த கதைதானே இது? இதை ஏன் பெரிய போர் நாவல் என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஹென்றி பொய் சொல்கிறான், மறுநாள் அவன் காட்டும் வீரம் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது. கிரேன் இதை மறைக்கவே இல்லை. ஆனால் அவன் செய்த பெரிய தப்பு ஓடியதுதான் என்று எடுத்துக்கொண்டால் நாவலின் நடுப்பகுதி கையைவிட்டு நழுவிவிடும்.

முதல் தாக்குதலில் ஹென்றி ஓடவில்லை, நின்று சுடுகிறான். அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் எதிரிகள் திரும்ப வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓட, இன்னும் சிலர் நழுவ, இவனும் ஓடுகிறான். அம்மா தடுத்தும் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்த பண்ணைவீட்டுப் பையன். அந்த ஓட்டத்தை என்னால் குற்றமாகப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் மனம் போடும் கணக்குதான் முக்கியம். காட்டில் ஒரு அணில்மேல் பைன் காயை எறிகிறான், அது பயந்து ஓடுகிறது. ஆபத்து வந்தால் ஓடு என்று இயற்கையே சொல்கிறது, நான் செய்தது சரி என்று தேற்றிக்கொள்கிறான். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு பிணம். நீலச் சீருடை வெளுத்துப் பச்சையாகியிருக்கிறது. முகத்தில் எறும்புகள், அதில் ஒன்று மேலுதட்டின் மேல் ஏதோ ஒரு பொதியை உருட்டிக்கொண்டு போகிறது. அணிலை வைத்துக் கட்டிய நியாயம் அந்த எறும்போடு சரி.

இதை எழுதியவர் அதுவரை போரைக் கண்ணால் பார்க்காதவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல், கிரேன் பிறந்தது 1871-ல். பழைய படைவீரர்கள் பத்திரிகையில் எழுதிய போர் நினைவுகளை நிறையப் படித்தார். என்ன செய்தோம் என்று எழுதுகிறார்களே, என்ன உணர்ந்தோம் என்று எழுதமாட்டேன் என்கிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். நாவல் 1895-ல் புத்தகமாக வந்தது, அவர் நிஜப் போரைப் பார்த்தது 1897-ல், கிரேக்க–துருக்கிப் போரில். 1900-ல் காசநோயால் இறந்தபோது வயது 28.

நான் சொல்ல வந்த இடம் அடுத்து வருகிறது. காயம்பட்டவர்களின் வரிசையில் ஹென்றி கலந்து நடக்கிறான். கந்தல் உடையில் ஒருவன், தலையிலும் கையிலும் காயம், கூடவே வந்து பேச்சுக் கொடுக்கிறான். “உனக்கு எங்கே அடிபட்டது?” என்று கேட்கிறான். விசாரிக்கிற அன்பு மட்டும்தான் அதில் இருக்கிறது, ஆனால் ஹென்றிக்கு அது கத்தி. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே! அப்புறம் நண்பன் ஜிம் காங்க்லின் வயலில் நின்றபடியே செத்து விழுவதை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். கந்தல்காரனும் சாகக் கிடப்பவன்தான், நினைவு தடுமாறி ஹென்றியை வேறு யாரோ பெயர் சொல்லி அழைக்கிறான். அப்போதும் அவன் கவலை ஹென்றியின் காயத்தைப் பற்றித்தான். திரும்பவும் அதே கேள்வி. ஹென்றி வேலி தாண்டிப் போய்விடுகிறான். திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் வயலில் திக்குத் தெரியாமல் அலைந்துகொண்டிருக்கிறான்.

குண்டுக்குப் பயந்து ஓடியதை மன்னிக்கலாம். ஒரு கேள்விக்குப் பயந்து, சாகப்போகிறவனை நடுவயலில் விட்டுப் போனதை என்ன செய்வது? கிரேனுக்கு இது தெரியும். கடைசி அத்தியாயத்தில் ஓடிய நினைவு ஹென்றியிடம் சிறுத்துப்போகிறது, துரத்துவது கந்தல்காரன்தான். கூட நடப்பவர்கள் தன் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நடுங்குகிறான். பிறகு அந்தப் பாவத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, நான் ஆண்பிள்ளையாகிவிட்டேன் என்று நிம்மதியடைகிறான். நீங்கள் அதை நாவலின் தீர்ப்பு என்று படித்திருக்கிறீர்கள். எனக்கு அது அந்தப் பையனின் ஆசையாகத்தான் படுகிறது. மறுநாள் அவன் வெறியோடு சண்டை போட்டதில் பாதி, தன் ரெஜிமென்ட்டைக் கழுதை ஓட்டிகள் என்று ஒரு அதிகாரி கேவலமாகப் பேசியதால் வந்த கோபம். யார் என்ன சொல்வார்களோ என்பதுதான் அவனை வயலிலிருந்து விரட்டியது, அதுவேதான் கொடியையும் பிடிக்கவைத்தது. வெட்கத்தை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த போர் நாவல் எனக்குத் தெரிந்து குறைவு.

யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்கிறீர்கள். பிற்பாடு சொல்கிறான். 1896-ல் கிரேன் எழுதிய ‘தி வெட்டரன்’ என்ற சிறுகதையில் ஹென்றி கிழவர். மளிகைக்கடையில் ஊர்க்காரர்களிடம், சான்சலர்ஸ்வில் போரில் நான் ஓடினேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். கூட இருக்கும் பேரன் அதிர்ந்துபோகிறான், அது நிஜமா தாத்தா என்று பிறகு கேட்கிறான். அன்றிரவு கொட்டகை தீப்பிடிக்க, குதிரைகளையும் மாடுகளையும் வெளியேற்றிவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு குதிரைக்குட்டிகளுக்காகத் திரும்ப உள்ளே போகிறார். கூரை இடிந்து விழுகிறது.

அந்தக் கதையில் ஜிம் காங்க்லினைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். ஓடியதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். கந்தல்காரனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாவலின் எட்டு முதல் பத்து வரையான அத்தியாயங்களை இன்னொரு முறை படித்துவிட்டு அந்தச் சிறுகதைக்குப் போங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.