நிலத்தடி உலோகங்களின் அரிப்புக் காப்பு: பழுதடைந்த மின்வாய்கள் பற்றிய கேள்வி பதில்

கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் நிலத்தடிக் குழாய்களையும் எரிபொருள் தாங்கிகளையும் பராமரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளித்துள்ளேன். அனோட்டு என்பது குழாயையோ தாங்கியையோ காக்க அதனருகே மண்ணில் புதைக்கும் மின்வாய்; அதிலிருந்து மண் வழியே செல்லும் மின்னோட்டம் அரிப்பைத் தடுக்கும். அந்த மின்னோட்டத்தைச் சீராக்கி (ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் கருவி) தரும்; மக்னீசியம் அனோட்டோ சீராக்கி இன்றித் தானே தேய்ந்து தரும்.

கேள்வி (கொலன்னாவை): ஐயா, எங்கள் குழாய்க்குச் சீராக்கி வழியாக மின்னோட்டம் தரும் அனோட்டுப் படுக்கையில் சில அனோட்டுகள் செயலிழந்துவிட்டன. வெடித்த சிலிக்கன் வார்ப்பிரும்பு அனோட்டைப் பற்றவைத்துச் சரிசெய்யலாமா?

பதில்: முடியாது. உயர் சிலிக்கன் வார்ப்பிரும்பு எளிதில் நொறுங்கும் உலோகம்; வெப்பம் பட்டால் வெடிப்பு மேலும் நீளும். ரைற்றேனிய வகை அனோட்டுகளின் மேலுள்ள கலப்பு ஒட்சைட்டுப் பூச்சையும் களத்தில் மீண்டும் பூச வழியில்லை. ஆகவே உடல் பழுதடைந்த அனோட்டை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் பழுது உண்மையில் அனோட்டின் உடலில்தானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். சந்திப்புப் பெட்டியில் ஒவ்வொரு அனோட்டுக்கும் உரிய ஷண்டுக்குக் (மின்னோட்டத்தை அளப்பதற்கான சிறு தடை) குறுக்கே மில்லிவோல்ற்றை அளந்தால் (0.01 ஓம் ஷண்டில் 1 மில்லிவோல்ற்று என்பது 0.1 அம்பியர்) மின்னோட்டம் தராதது எது என்று தெரிந்துவிடும். பிறகு சீராக்கியை இயக்கியபடியே, அனோட்டுகள் புதைந்துள்ள வரிசையின் மேல் ஒப்பீட்டு மின்வாயை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் மின்வாய்) சிறு சிறு இடைவெளியில் வைத்து நில மின்னழுத்தத்தை அளந்து செல்லுங்கள். வேலைசெய்யும் அனோட்டின் நேர் மேலே மின்னழுத்தம் உச்சத்தை எட்டும், செயலிழந்ததன் மேல் அந்த உச்சம் இராது. ஓரிடத்திலிருந்து தொடர்ந்து வரும் அனோட்டுகள் எல்லாமே ஒன்றாகச் செயலிழந்திருந்தால், அனோட்டுகளைத் தோண்டும் முன் அந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறதா என்று தேடுங்கள். செத்துவிட்டதாகக் கைவிடப்படும் அனோட்டுகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன, அறுந்திருப்பது கம்பி.

கேள்வி (அதே அன்பர்): கம்பி அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். முறுக்கி இணைத்து, பீவீசீ நாடா சுற்றிப் புதைத்தால் போதாதா?

பதில்: போதவே போதாது. சீராக்கியின் நேர் முனையோடு சேர்ந்த கம்பியில் செம்பு மண்ணைத் தொடும் இடம் எதுவாயினும், அந்த இடமே ஓர் அனோட்டாகிவிடும். ஓர் அம்பியர் மின்னோட்டம் ஓராண்டு கசிந்தால் ஏறத்தாழ 10 கிலோகிராம் செம்பு கரையும், 0.1 அம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளில் சுமார் 2.8 கிராம் போய்விடும். 16 சதுர மில்லிமீற்றர் கம்பியின் ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் உள்ள செம்போ ஒன்றரைக் கிராமுக்கும் குறைவு. கம்பியின் காப்புத் தோலில் விழுந்த ஒரு சிறு கீறலே முழுக் கம்பியையும் அறுத்துவிடுவது இப்படித்தான்.

எனவே சீராக்கியை நிறுத்தி, பூட்டிய பிறகு, பச்சையும் கறுப்பும் இல்லாத பளிச்சென்ற செம்பு தெரியும் வரை இரு முனைகளையும் வெட்டிச் செல்லுங்கள். ஈரம் இழைகளுக்கு நடுவே வெகுதூரம் ஏறியிருக்கும் என்பதால் இங்கே கம்பியை மிச்சப்படுத்த நினைப்பது தவறு. அழுத்துக் கருவியால் செம்புக் கவ்வியிட்டு இணைத்து, இருபுறத் தோலையும் அரத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து, அச்சுக்குள் எபொக்சிப் பிசின் ஊற்றி, அது முற்றாக இறுகிய பின்னரே மூடுங்கள். குழிக்குள் ஒரு துளி மழையும் விழக்கூடாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடாரமின்றி இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கம்பியில் நீளம் மீதியிருந்தால், இணைப்பைத் தரைக்கு மேலே ஒரு பெட்டிக்குள் கொண்டுவருவது இவை எல்லாவற்றையும் விட நல்லது.

கரையோர மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே உப்பு மிகுதி என்பதால் அனோட்டில் குளோரீன் வாயு உருவாகி, சாதாரணப் பொலித்தீன் தோலைச் சிதைக்கும். அனோட்டை ஒட்டிய கம்பிக்குப் புளோரோபொலிமர் உட்தோல் உள்ள வகையையே வாங்குங்கள்.

கேள்வி (மொரட்டுவை, மாணவி): சீராக்கியின் இரு கம்பிகளும் தவறுதலாக இடம் மாறினால் என்னவாகும், ஐயா?

பதில்: குழாயே அனோட்டாகிவிடும், ஓர் அம்பியருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோகிராம் இரும்பு கரையும். திருத்தவேலை முடிந்து சீராக்கியை இயக்கும்போது குழாயின் மின்னழுத்தம் மேலும் மறைப் பக்கம் (− குறியின் பக்கம்) நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி (வத்தளை, எரிபொருள் நிலையம்): எங்கள் நிலத்தடித் தாங்கிக்கு இட்ட மக்னீசியம் அனோட்டுகள் இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. தரமற்ற பொருளா?

பதில்: அப்படி முடிவுசெய்ய அவசரப்படாதீர்கள். மக்னீசியம் நடைமுறையில் ஓர் அம்பியருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 கிலோகிராம் தேயும். 7.7 கிலோகிராம் அனோட்டு 50 மில்லி அம்பியர் தந்தால் பதினைந்து ஆண்டுகள் தாங்கும். அரை அம்பியர் தர நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். தாங்கியைப் பம்பின் குழாயிலிருந்து பிரிக்கும் காப்பு இணைப்பு பழுதாகி, கட்டடத்தின் செம்புப் புவித்தொடுப்புக் கோல்களுக்கும் உங்கள் அனோட்டுகள் மின்னோட்டம் தர நேர்கிறது என்றே கருதுகிறேன். அந்த இணைப்பைச் சோதிக்காமல் புதிய அனோட்டு இட்டால் அதுவும் இதே வழியில் போகும். எரிபொருள் ஆவி உள்ள இடத்தில் எந்த இணைப்பையும் பிரிக்கும் முன் தற்காலிகக் கம்பியால் இரு பக்கங்களையும் பிணைத்துவிடுங்கள். பிரிக்கும் கணத்தில் எழும் ஒரு பொறி உயிரையே பறிக்கலாம்.

மாற்றும்போது, அனோட்டைச் சுற்றியுள்ள பையிலுள்ள ஜிப்சம், பென்ரனைற்று, சோடியம் சல்பேற்றுக் கலவை (வழமையாக 75:20:5) நீர் குடிக்க வேண்டும் என்பதால் வெளியிலுள்ள பிளாஸ்ரிக் உறையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிய பின் மூடுங்கள். அனோட்டை ஒருபோதும் கம்பியைப் பிடித்துத் தூக்கக்கூடாது.

கேள்வி (வெள்ளவத்தை): எங்கள் செம்பு–செம்பு சல்பேற்று ஒப்பீட்டு மின்வாய் நாளுக்கொரு அளவீடு காட்டுகிறது. எறிந்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இது பெரும்பாலும் சீராகக்கூடியது. பழைய கரைசலைக் கொட்டி, செம்புக் கோலை உலோகம் கலவாத அரத்தாளால் பளபளக்கத் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அடியில் கரையாத படிகங்கள் தங்கும்படி நிரம்பிய நிலையிலுள்ள புதுச் செம்பு சல்பேற்றுக் கரைசலை ஊற்றுங்கள். மின்வாயின் நுனியில் மண்ணைத் தொடும் நுண்துளை அடைப்பானின் துளைகள் அடைபட்டிருந்தால் அதை மாற்றுங்கள். கடற்கரை மண்ணில் பயன்படுத்தியிருந்தால் குளோரைட்டு உட்புகுந்து கரைசலைக் கெடுத்திருக்கும். பக்கச் சாளரத்தில் வெயில் பட்டாலும் அளவு பிறழும். கறுப்பு நாடா ஒட்டிவிடுங்கள். களத்துக்கே கொண்டுபோகாத இன்னொரு மின்வாயோடு ஒப்பிட்டு, வேறுபாடு 5 மில்லிவோல்ற்றைத் தாண்டினால் மறுபடி துப்புரவு செய்யுங்கள்.

கேள்வி (முத்துராஜவெல அருகே): குழாயின் மின்னழுத்தத்துக்கு வழமையாகச் சொல்லப்படும் −850 மில்லிவோல்ற்று இலக்கு எங்கள் சதுப்பு நிலத்துக்கும் போதுமா?

பதில்: ஒட்சிசன் இல்லாத சேற்றில் சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் வாழக்கூடும் என்பதால், அங்கே −950 மில்லிவோல்ற்றை இலக்காகக் கொள்ளுங்கள். இரண்டு எண்களும் செம்பு சல்பேற்று மின்வாயோடு ஒப்பிட்டு அளந்தவை. மின்னோட்டத்தை நிறுத்திய அடுத்த கணத்தில் அளந்தவையாகவும் இருக்க வேண்டும்.