மறு: 700 அடியிலும் தூசிதான், 1000 வரை போகலாமா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் 700 அடி போர் போட்டும் வெறும் தூசி பறந்தது, வண்டிக்காரர் இன்னும் 300 அடி போகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அண்ணே.

நம் பக்கம் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை. பாலாற்று மணல் மாதிரி உடம்பெல்லாம் தண்ணீர் வைத்திருக்காது. மேலே மக்கிய பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். ஆழம் கூடக் கூட அந்த வெடிப்புகள் பெரும்பாலும் இறுகிவிடும். பக்கத்து நிலத்தில் 280 அடியில் கிடைத்ததென்றால், அவர் போர் ஒரு வெடிப்பைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளினால் அது இல்லாமலும் போகலாம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றதை நம்பி எங்கள் அப்பாவும் இரண்டு குழி போட்டார், இரண்டும் புகைதான்.

அடுத்த இடம் குறிக்கும் முன், அடியில் உள்ள பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடை ஆய்வு செய்யுங்கள். தரையில் நாலு கம்பி நட்டு மின்சாரம் செலுத்துவார்கள். நீருள்ள பாறையில் தடை குறையும். களிமண்ணும் அப்படியே காட்டும், அதனால் அனுபவசாலி பார்க்க வேண்டும். விவசாய நிலம்தானே, வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள்.

அப்புறம், அந்தக் காய்ந்த குழிக்கு இன்றைக்கே இரும்பு மூடி போட்டுவிடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம் என்கிறீர்கள்.