வேலை கிடைத்தால் கடையை மூடுவீர்களா?

அன்புள்ள ஐயா,

தாராவியில் எங்கள் தமிழ்ச் சங்கம் சார்பாக 20 பேருக்கு ஒரு வாரம் தொழில்முனைவோர் பயிற்சி நடத்தினோம். ஏன் சொந்தத் தொழில் என்று முதல் நாள் கேட்டோம். எல்லோரும் "சொந்தக் கால்ல நிக்கணும்" என்றார்கள். 6 மாதத்தில் 13 பேர் செக்யூரிட்டி, கூரியர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்கு ஊக்கம் போதவில்லையா? வறுமை துரத்தித் தொழிலுக்கு வருபவரையும் வாய்ப்பைப் பார்த்து வருபவரையும் பிரிப்பது எப்படி?

எஸ்., மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள எஸ்.,

அந்த 13 பேரைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற வேலை வந்தால் போவதுதான் புத்தி. "சொந்தக் கால்" என்பது வகுப்பில் கேட்டால் வரும் பதில், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்கும் பிரிவினையை 2001இல் கேள்வித்தாளில் சேர்த்துப் பரப்பியது ஜெம் என்ற உலகளாவிய தொழில்முனைவு ஆய்வு. 2019இல் அவர்களே அதை விட்டுவிட்டு நான்கு காரணங்களைக் கேட்க ஆரம்பித்தார்கள்: உலகில் ஒரு மாற்றம் கொண்டுவர, பெரும்பணம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை அரிதாக இருப்பதால் பிழைக்க. ஒரே ஆள் நான்குக்கும் ஆமாம் சொல்லலாம். நடப்பும் அதுதான்.

பயிற்சியால் ஊக்கம் வருமா என்றால், வரும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெல்லண்ட் 1964இல் ஆந்திராவின் காக்கிநாடாவில் அதைச் சோதித்துப் பார்த்தார். பயிற்சிக்குப் பின் பலர் தொழிலை விரிவாக்கினார்கள். ஆனால் அவர் கூட்டி வந்தவர்கள் ஏற்கெனவே வியாபாரத்தில் இருந்தவர்கள். நம் ஊர்ப் பயிற்சிகள் பாடத்தை எடுத்துக்கொண்டு இந்த விஷயத்தை விட்டுவிட்டன.

ஆகவே மனதைத் துருவாமல் நேரத்தையும் பணத்தையும் கேளுங்கள். தாராவியில் இட்லி போட்டு விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்போது வீட்டில் ஆள் வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவரும் கூலி வேலை கிடையாது, இட்லி ஒத்துவரும். வறுமையா வாய்ப்பா என்று இதில் எதை எழுதுவீர்கள்?

அவர் ஏன் வளர்வதில்லை என்பதையும் பானைக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 60, 70 இட்லி வரும். 400 இட்லிக்கு 6 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ உளுந்து. இதை இரட்டிப்பாக்க இன்னொரு கிரைண்டர் வேண்டும், அதை வைக்க இடம் வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும். விற்காமல் தங்கியது புளித்துப் போகும். ஒரு நாள் மழை கொட்டினால் முதலே போச்சு. அப்படிப் போன முதலைத் தண்டல்காரர்தான் அன்றைக்கே தருவார்: 10,000 என்று எழுதி 8,500 கையில், தினம் 100 வீதம் 100 நாள். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடும். இந்த நிலையில் துணிந்து பெரிதாக்காமல் இருப்பது ஊக்கக் குறைவு அல்ல, நல்ல கணக்கு.

ஆளை அறிய எனக்குத் தெரிந்த கேள்வி இரண்டுதான். மாதச் சம்பளத்தில் வேலை கிடைத்தால் கடையை மூடுவீர்களா? போன வருஷ லாபம் எங்கே போனது? ஊரில் வீடு, நகை, பிள்ளை படிப்பு என்றால் அவருக்குத் தொழில் ஒரு சம்பளம். அதில் குறை ஒன்றுமில்லை. இரண்டாவது கிரைண்டர், கூட ஒரு ஆள் என்றால் உங்கள் பயிற்சி அவருக்குத்தான்.

தங்கிவிட்ட 7 பேருக்கு இன்னொரு வகுப்பு வேண்டாம். தெருவில் விற்பவர்களுக்கு மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் கடன் வாங்கித் தாருங்கள். முதல் கடன் இப்போது 15,000 வரை. ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000, 7 சதவீத வட்டி மானியத்தோடு. விற்பனைச் சான்றிதழ் இல்லாதவருக்கு மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம் போதும். அதற்கு அலைந்தால் ஒரு நாள் வியாபாரம் போகும் என்றுதான் பலர் போவதில்லை. சங்கத்து ஆள் ஒருவர், இட்லி விற்று முடிந்த பிறகு, மதியத்துக்கு மேல் கூடப் போகட்டும்.