பன்றிப் பண்ணையில் இனத்துக்கு எதை நிறுத்துவது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பண்ணையில் ஒரு தாய்ப்பன்றி 13 குட்டி போட்டது. மற்றவை சராசரி 10. இதன் பெண் குட்டிகளையே இனத்துக்கு விடலாமா?

பதில்: விடுங்கள் தம்பி, ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். குட்டி எண்ணிக்கையில் பரம்பரையின் பங்கு சுமார் 10 சதவீதம்தான். மீதி தீவனம், வெயில், இணைசேர்த்த நேரம். ஆண் பன்றி சராசரியானது என்றால், அந்த 3 கூடுதல் குட்டியில் 10 சதவீதம் 0.3; தாயின் பங்கு பாதிதான் என்பதால் மகள்களுக்குப் போய்ச் சேருவது 0.15. அதனால் ஒரு ஈற்றை நம்பாமல், தாயின் எல்லா ஈற்றுகளையும் அதன் சகோதரிகளின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். யார்க்‌ஷயர், லாண்ட்ரேஸ் என்ற இரு பன்றி இனங்களின் கலப்புத் தாய் வைத்தாலே குட்டி எண்ணிக்கை இதைவிடச் சீக்கிரம் கூடும்.

கேள்வி: நல்ல எடை, அதிகக் குட்டி, குறைந்த கொழுப்பு என மூன்றுமே வேண்டும். எந்த முறையில் தேர்வு செய்வது?

பதில்: மூன்று வழி உண்டு. முதலில் எடைக்கு மட்டும் சில தலைமுறை, அப்புறம் குட்டிக்கு என்று ஒவ்வொன்றாகப் போவது ஒன்று. இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டாவதற்குப் போகும்போது முதலில் சேர்த்தது நழுவும்.

ஒவ்வொரு குணத்துக்கும் குறைந்தபட்ச அளவு வைத்து, எட்டாததைக் கழிப்பது அடுத்தது. இதில் அருமையாக வளர்ந்த குட்டிகூட ஒரு குணத்தில் கொஞ்சம் குறைந்ததற்காகப் போய்விடும்.

மூன்றாவது, ஒவ்வொரு குணத்துக்கும் அதன் பண மதிப்பையும் பரம்பரைப் பங்கையும் வைத்து மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது. ஒன்றில் குறைந்ததை இன்னொன்று ஈடுகட்டும். ஹேசல், லஷ் என்ற இரு கால்நடை இனவிருத்தி ஆய்வாளர்கள் 1942இல் மூன்றையும் ஒப்பிட்டு, இதுவே மேல் என்று காட்டினார்கள்.

ஆனால் கழிக்கும் முறையை அடியோடு விடாதீர்கள். காம்பு 12க்குக் குறைந்தது, கால் கோணலானது இவற்றைப் பால் மறக்கும்போதே கழித்தால் தீவனம் மிச்சம். மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்து தேர்ந்தெடுக்கிறார்களாமே?

பதில்: ஆமாம், 2001க்குப் பிறகு வளர்ந்த முறை. ஆண் பன்றி குட்டி போடாது இல்லையா? அதன் மகள்கள் ஈனும்வரை காத்திராமல், சின்ன வயதிலேயே ஓரளவு கணிக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பன்றிகளின் பதிவேடு இதற்கு அடிப்படை. சிறு பண்ணைக்கு, அப்படித் தேர்ந்த ஆணையோ விந்தையோ வாங்குவதே வழி.

கேள்வி: நல்ல ஆண் கிடைத்துவிட்டது. அதன் மகள்களுக்கும் அதையே சேர்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அப்பன் மகள் சேர்ந்தால் பிறக்கும் குட்டிகளில் உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு) 25 சதவீதம். குட்டி குறையும், சாவு கூடும். மகள்கள் பருவத்துக்கு வருமுன் ஆணை மாற்றிவிடுங்கள்.