கேள்வி பதில்: ஊர் வேண்டாம் என்றாலும் வரும் வீடுகள்

நியூ ஜெர்சி வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஒவ்வொரு ஊரும் இத்தனை மலிவு விலை வீடுகளுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற சட்டம், அதை வைத்து ஊர்களுக்கும் மாநிலத்துக்கும் நடக்கும் மல்லுக்கட்டு. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், மன்னிக்கவும்.

கே: எங்கள் டவுன்ஷிப் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கூச்சல்தான். ஊர் மக்கள் வேண்டாம் என்றால் விட வேண்டியதுதானே? மாநிலம் எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?
*வாசகர், எடிசன்*

ப: முடியும், ஐம்பது வருடமாக முடிகிறது. எந்தத் தெருவில் என்ன கட்டலாம், எத்தனை மாடி, மனை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிற ஜோனிங் அதிகாரம் மாநிலம் ஊருக்குக் கொடுத்து வைத்திருப்பது. கொடுத்ததைப் பொது நன்மைக்குத்தான் பயன்படுத்த வேண்டும், ஊர் எல்லைக்குள் இருப்பவர்களின் நன்மைக்கு மட்டுமல்ல என்பதுதான் இந்த வழக்குகளின் ஆணிவேர்.

கதை பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மவுண்ட் லாரலில் தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. நெடுஞ்சாலை வந்தது, புறநகர் பெருத்தது, பெரிய மனையில் தனி வீடுதான் கட்டலாம் என்று விதி வந்தது, பழைய குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே வாடகைக்குக்கூட வீடு இல்லை. 36 வாடகை வீடுகள் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள், ஊர் மறுத்தது. 1970-ல் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்த மேயர், இங்கே இருக்க வசதி இல்லாதவர்கள் கிளம்ப வேண்டியதுதான் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டுப் போனார். அந்த ஊரில் ஆறாவது தலைமுறையாக வாழ்ந்த எத்தல் லாரன்ஸ் என்ற அம்மாள் முன்னால் நின்று 1971-ல் வழக்குப் போட்டார்கள். 1975-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொன்னது: வளர்கிற ஒவ்வொரு ஊரும் அந்த வட்டாரத்தின் ஏழை, நடுத்தர மக்களுக்கான வீட்டுத் தேவையில் தன் பங்கைச் சுமக்க ஜோனிங்கில் இடம் விட வேண்டும்.

ஊர்கள் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. மவுண்ட் லாரலே சதுப்பு நிலம் மாதிரி யாரும் கட்ட வராத இடங்களை ஒதுக்கிவிட்டுக் கை கழுவியது. 1983-ல் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் தலைமையில் இரண்டாவது தீர்ப்பு, இதில்தான் பல் முளைத்தது. ஊர் தன் கடமையைச் செய்யாவிட்டால், ஒரு பில்டர் கோர்ட்டுக்குப் போய், நான் கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு மலிவு விலையில் தருகிறேன் என்று சொல்லி, ஊரின் ஜோனிங்கைத் தாண்டி நெருக்கமாகக் கட்ட அனுமதி வாங்கிவிடலாம். ஊர் மேயர்கள் இன்றைக்கும் பயப்படுவது ஏழைகளுக்கு இல்லை, இந்த 'பில்டர்ஸ் ரெமடி'க்குத்தான். ஒழுங்காகத் திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கிய ஊருக்கு இதிலிருந்து பாதுகாப்பு உண்டு. உங்கள் ஊர் கவுன்சில் கூச்சலுக்கு நடுவிலும் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதற்குக் காரணம் இதுதான்.

கே: பணக்கார ஊர்கள் காசு கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
*வாசகி, பார்சிப்பனி*

ப: முன்பு உண்மை. இந்தத் தீர்ப்புகளுக்கு அப்புறம் மாநிலம் கொண்டுவந்த 1985 வீட்டுச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: தன் பங்கில் பாதி வரை வேறொரு ஊருக்குத் தள்ளிவிடலாம், பணம் கொடுத்து. பெரும்பாலும் புறநகர்ப் பணம், பழைய நகரத்தில் வீடு. வேலை வளர்வது ஒரு இடம், வீடு கட்டுவது இன்னொரு இடம். 2008-ல் அதை ஒழித்தார்கள்.

கே: எத்தனை வீடு என்ற கணக்கை யார் போடுகிறார்கள்? பக்கத்து ஊருக்குக் குறைவு, எங்களுக்கு அதிகம். ஒன்றும் புரியவில்லை.
*வாசகர், பிரிட்ஜ்வாட்டர்*

ப: இதற்கென்று COAH (Council on Affordable Housing) என்கிற மாநிலக் கவுன்சில் ஒன்று இருந்தது. அது போட்ட விதிகளைக் கோர்ட் தள்ளுபடி செய்ய, மறுபடி போட, மறுபடி தள்ளுபடி என்று வருடங்கள் ஓடின. கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அதைக் கலைக்கப் பார்த்தார், முடியாது என்றது உச்ச நீதிமன்றம். கடைசியில் அந்தக் கவுன்சில் ஒரு வேலையும் செய்யாததால் 2015-ல் நீதிமன்றமே பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் கவர்னர் பில் மர்பி கையெழுத்திட்ட சட்டத்தோடு கவுன்சில் ஒழிந்தது. இப்போது மாநிலத்தின் சமூக விவகாரத் துறை கணக்குப் போட்டு வெளியிடுகிறது, ஊர் ஏற்கலாம், அல்லது தன் கணக்கைக் காட்டி வாதாடலாம். இந்தச் சுற்று 2025 நடுவிலிருந்து 2035 நடுவு வரை.

மாநிலம் ஆறு வட்டாரங்கள். உங்கள் சாமர்செட் கவுன்டி, மிடில்செக்ஸ், ஹன்டர்டன் மூன்றும் ஒரே வட்டாரம். வட்டாரத்தின் மொத்தத் தேவையை ஊர்களுக்குப் பிரிக்கும்போது மூன்றைப் பார்க்கிறார்கள்: ஊரில் வணிகக் கட்டடங்களின் மதிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, மக்களின் வருமானம் எவ்வளவு, கட்ட நிலம் எவ்வளவு மிச்சம். முதல் விஷயத்தைக் கவனியுங்கள். ஆபீஸும் கிடங்கும் வந்தால் ஊருக்கு வரி கொட்டும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளைகூட வராது. அதனால் அவற்றை வா வா என்று கூப்பிடுவார்கள். அங்கே மூட்டை தூக்குகிறவரும் ஆபீஸைத் துடைக்கிறவரும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரட்டும். இந்தக் கணக்கு அந்தப் பழக்கத்துக்குத்தான் விலை போடுகிறது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

குறை வேறு இடத்தில். 2025-ல் கிரான்பரியில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். பல தலைமுறையாக ஒரு குடும்பத்திடம் இருந்த 21 ஏக்கர் பண்ணையைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி அங்கே மலிவு விலை வீடு கட்டப்போவதாக ஊர் கிளம்பியது, விஷயம் வாஷிங்டன் வரை போனது. அந்தப் பண்ணையைச் சுற்றி என்ன இருக்கிறது? கிடங்குகள். வருடக்கணக்கில் கிடங்குகளுக்கு நிலத்தைத் திறந்துவிட்டு, கடைசியில் கெடு நெருங்கும்போது விற்க மனமில்லாதவரின் வாசலில் போய் நிற்பதைச் சட்டத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எந்த இடம் என்று தேர்ந்தெடுப்பது ஊர்தான்.

கே: வீட்டு விலை விழும், திருட்டு பெருகும், வரி ஏறும் என்கிறார்கள். உங்கள் கருத்து?
*பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈஸ்ட் பிரன்ஸ்விக்*

ப: என் கருத்து எதற்கு, அளந்தே பார்த்திருக்கிறார்கள். மவுண்ட் லாரலில் முப்பது வருட இழுபறிக்கு அப்புறம் எத்தல் லாரன்ஸ் பெயரில் 140 வீடுகள் கட்டப்பட்டன. முதல் குடும்பங்கள் வந்தது 2000 முடிவில். அவர் 1994-லேயே இறந்துவிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் குழுவினரும் அந்த ஊரை அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டார்கள். குற்றம், வீட்டு விலை, வரி மூன்றிலும் அந்த வீடுகளால் வந்த பாதிப்பு என்று எதுவும் தெரியவில்லை. குடிவந்தவர்களுக்கோ வேலையும் வருமானமும் கூடின.

பள்ளிக்கூட நெரிசல் என்ற கவலை மட்டும் வெறும் சாக்கு இல்லை. ஆனால் அதில் பில்டர்ஸ் ரெமடி போன்ற வழிகளில் வரும் நூறு பிளாட்டில் எண்பது சந்தை விலையில் போவதும் சேர்ந்தது. ஊரே முன்வந்து, முழுக்க மலிவு விலை வீடாகக் கட்டும் லாப நோக்கமில்லாத அமைப்புக்கு இடம் கொடுத்தால் அந்த எண்பது வராது. இதை மேடையில் பேசுகிற மேயர் அபூர்வம்.

கே: வழக்குப் போட்ட மேயர்கள் என்ன ஆனார்கள்?
*வாசகர், பரமஸ்*

ப: 2024 சட்டத்தை எதிர்த்து அந்த வருடம் செப்டம்பரில் மான்ட்வேல் என்ற ஊரின் தலைமையில் ஒன்பது ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின, அப்புறம் கூட்டம் இருபதைத் தாண்டியது. நியூவார்க், ஜெர்சி சிட்டி, ஹோபோகன் போன்ற நகரங்களுக்குப் புதிய வீட்டுக் கணக்கிலிருந்து விலக்கு, எங்களுக்கு மட்டும் ஏன் என்பது முக்கிய வாதம். ஹோபோகன் வாடகையைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க மாட்டார்கள். ஆனாலும் சட்டத்தை நிறுத்தி வைக்கக் கேட்டதை 2025 ஜனவரியில் நீதிபதி மறுத்துவிட்டார்.

கே: எனக்கு அந்த வீடு கிடைக்குமா? இரண்டு பேர் சம்பாதிக்கிறோம், இருந்தும் வாடகை தாங்கவில்லை.
*வாசகி, எடிசன்*

ப: விண்ணப்பிக்காமல் முடிவு செய்யாதீர்கள். வட்டார நடு வருமானத்தில் 80 சதவீதம் வரை உள்ள குடும்பங்கள் தகுதி பெறலாம். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வரம்பு ஏறும். பள்ளி ஆசிரியை, நர்ஸ் உதவியாளர், கடை மேனேஜர் எல்லாரும் இதற்குள் வருகிற ஆட்கள்தான். 50 சதவீதத்துக்குக் கீழே, 30 சதவீதத்துக்குக் கீழே என்று தனி ஒதுக்கீடும் உண்டு. தேர்வு குலுக்கலில், அதனால் ஒரே கட்டடத்துக்காகக் காத்திருக்காமல் உங்கள் வட்டாரத்தில் திறக்கும் ஒவ்வொன்றுக்கும் போட்டு வையுங்கள். வாங்குகிற வீடு என்றால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பத்திரத்திலேயே பல பத்து வருடங்களுக்குக் கட்டுப்பாடு எழுதியிருக்கும், நினைத்த விலைக்கு விற்க முடியாது, நீங்கள் குடியிருக்காமல் வாடகைக்கு விடவும் முடியாது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கங்களை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.